கால்மாட்டில் உட்கார்ந்தவர்

இரவு எட்டு ஐம்பதுக்குத் தேனியில் ரயில் நின்றபோது, முகத்துண்டின் இடுக்கு வழியாக முதலில் தெரிந்தது ஓர் ஊன்றுகோல்.

நான் போடியில் ஏறியவன். மாதம் இருமுறை சென்னைக்குத் தனியாகப் போகிறேன். ஏறியதும் தயிர்சாதம், காதில் பஞ்சு, முகத்தில் துண்டு. அந்தக் கீழ்ப் படுக்கை எனக்கு வீடு மாதிரி. தூங்குகிறவனிடம் யாரும் இடம் மாற்றிக் கேட்பதில்லை.

பஞ்சையும் மீறிக் கேட்டது. “மேல எப்படி ஏறுவ ஆத்தா? முட்டி ஆபரேசன் முடிஞ்சு பதினஞ்சு நாள்தான ஆகுது. அவுகள எழுப்பிக் கேக்குறேன்.” வழியனுப்ப வந்த மகன்.

“வேணாம்யா, அசந்து தூங்குறாக. நான் பேசிக்கிறேன். வண்டிய எடுக்கப் போறான், நீ எறங்கு.”

அந்த அம்மாள் என் கால்மாட்டில் ஓரமாக உட்கார்ந்தார். கேட்டால் கொடுத்துவிடலாம் என்று திண்டுக்கல் வரை அசையாமல் காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. காத்திருந்தபடியே நான் தூங்கிவிட்டேன்.

காலையில் யாரோ என் பாதத்தைத் தட்டினார்கள். அவர்தான், அதே ஓரத்தில்.

“எந்திரிங்கண்ணே, சென்னை வந்திருச்சு. நல்லாத் தூங்குனீகளா?”

என்னை ஒருவர் எழுப்பிப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

“தூங்கினேன்” என்றேன்.

மேல் படுக்கையில் அவருக்குக் கொடுத்திருந்த விரிப்பும் போர்வையும் மடிப்புக் கலையாமல் இருந்தன.