மாப்பிள்ளை கொடுத்த மாத்திரை

என் தம்பியின் வயிற்றில் நீளமாக ஒரு தழும்பு இருக்கிறது. அவன் சட்டையைக் கழற்றும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அவனுக்கு வருவதில்லை. அன்று அவன் மயக்கத்தில் கிடந்தான். முழித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தவள் நான்தான்.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருடம், அத்தைக்குத் தலை ஆடி. அப்பாவின் தங்கையான அவளை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்து நாலைந்து மாதம் ஆகியிருந்தது. கல்யாணமாகி வரும் முதல் ஆடிக்கு மாப்பிள்ளையையும் பெண்ணையும் அழைத்து விருந்து வைத்து, பெண்ணை மாதம் முடியும்வரை பிறந்த வீட்டிலேயே நிறுத்திக்கொள்வது எங்கள் வழக்கம். ராஜபாளையத்தில் எங்கள் வீடு அதற்காகத் தலைகீழாகக் கிடந்தது. சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். மாப்பிள்ளை உட்காருவதற்கென்றே புது நாற்காலி வந்தது. தெரியாத்தனமாக அதில் உட்கார்ந்து நான் ஒரு குட்டு வாங்கினேன். மாப்பிள்ளை, அதாவது எங்கள் மாமா, மருந்துக்கடை வைத்திருந்தார். ஆகவே எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அவர் டாக்டருக்கு ஒரு படி மேல். டாக்டர் சீட்டுதான் எழுதுவார், இவர் சட்டைப்பையிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிடுவார்.

அவர்கள் வந்த மறுநாள், தம்பி வாடகைச் சைக்கிளில் குரங்குப்பெடல் போட்டுக்கொண்டு போய், நின்றுகொண்டிருந்த மாட்டுவண்டியில் மோதினான். ஹேண்டில்பாரின் முனை இடது விலாவுக்குக் கீழே குத்தியது. வெளியே ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் சாயங்காலம் வயிறு வலிக்கிறது என்றான். பிறகு இடது தோள் வலிக்கிறது என்றான்.

"ஏலே, வயித்துல குத்துனா தோள்ல வலிக்குமா? பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட வழி பாக்கான்" என்று மாமா சிரித்தார். வீடே சேர்ந்து சிரித்தது. அம்மா மட்டும், "ஒரு எட்டு டாக்டர்ட்ட காட்டிட்டு வந்துரட்டா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"மாப்பிள்ளை வீட்டுல இருக்கையில வேற எந்த டாக்டரு?" என்றார் அப்பா. டாக்டரிடம் போனால் மாப்பிள்ளைக்கு அவமரியாதையாம். மாமா வெள்ளை மாத்திரை ஒன்றை எடுத்தார். தம்பி விழுங்கினான். வலி கொஞ்சம் அடங்கியது, மாமாவின் பெருமை ஏறியது. மறுநாளும் வலித்தது, மறுநாளும் மாத்திரை. ஆடிப்பூரத்தன்று தேர் பார்க்கக் கிளம்பும்போதும் ஒன்று கொடுத்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் நிலையை விட்டுக் கொஞ்ச தூரம்தான் நகர்ந்திருக்கும். கூட்டத்தில் என் கையைப் பிடித்திருந்த தம்பியின் கை சில்லிட்டது. திரும்பிப் பார்த்தேன். உதடு வெளுத்து, நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. "அக்கா, கண்ணு இருட்டுது" என்றவன் அப்படியே சரிந்தான். அப்பா அவனைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு, கூட்டத்தை இடித்துத் தள்ளிப் பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார். ஊசியைச் செருகி இழுத்துப் பார்த்தார், ரத்தம் வந்தது. "மண்ணீரல் கிழிஞ்சிருக்கு. உள்ளயே ரத்தம் போய்க்கிட்டிருக்கு. இடது தோளும் வலிச்சிருக்குமே. உடனே வயித்தைத் திறக்கணும்" என்றார். ஆபரேஷனுக்குத் தயார் செய்கிற நேரத்தில் தம்பியின் காது மடலில் லேசாகக் குத்தி, ஒற்றுத்தாளை வைத்து வைத்து எடுத்தார். சிவப்புப் பொட்டு விழுந்தது. சின்னதாகிக்கொண்டே போய் நின்றுவிட வேண்டிய பொட்டாம் அது. நிற்கவில்லை. தாள் முழுக்கப் பொட்டாக நிறைந்தது.

"ரத்தம் நிறையப் போனா உறையிற சக்தி குறையும்தான். ஆனா இது அதுக்கும் மேல இருக்கே. பையனுக்கு ஏதாச்சும் மாத்திரை குடுத்தீங்களா?"

அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். மாத்திரை கொடுத்த பெரிய மனிதர் ஜன்னல் வழியாகக் கூட்டத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா இன்னொரு தடவை கேட்டார். "ஒண்ணும் குடுக்கலைம்மா" என்றார் அப்பா. பெற்ற அப்பா! பிள்ளை வெளுத்துப்போய்க் கிடக்கிறான், இவருக்கு மாப்பிள்ளையின் முகம் வாடிவிடக் கூடாது. இத்தனை வருடம் கழித்து இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் சொன்னேன். "மாமா வெள்ளை மாத்திரை குடுத்தாக. இன்னிக்குக் காலையிலயும் குடுத்தாக."

பளீரென்று கன்னத்தில் அறை விழுந்தது. அடித்தது அத்தை. "பெரியவுக பேசையில ஒனக்கு என்னட்டி வாயி?"

டாக்டரம்மா மாமாவின் பக்கம் திரும்பினார். "நான் மெடிக்கல் வச்சிருக்கேன். சாதா வலி மாத்திரைதான், ஆஸ்பிரின்" என்று மாமா முனகினார்.

"மருந்துக்கடை வச்சிருந்துமா இது தெரியல? ஆஸ்பிரின் போன உடம்புல கத்தி பட்டா ரத்தம் லேசுல நிக்காது. வச்சிருந்த பாட்டில் ரத்தத்துல உறையிற சக்தி பத்தாது, இப்ப உடம்புலருந்து எடுத்த புது ரத்தம் வேணும். யார் குடுக்கீங்க?"

அப்பாவின் ரத்தமும் அம்மாவின் ரத்தமும் பொருந்தவில்லை. மாமா தனக்கு வாயுத்தொல்லை இருப்பதாகச் சொன்னார். அத்தை என்னை அடித்த அதே வலது கையை டாக்டரம்மாவிடம் நீட்டினாள். "எங்கிட்ட எடுங்க."

"அவளுக்கு ஏலாது" என்றார் மாமா.

அத்தை அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை, நீட்டிய கையை மடக்கவும் இல்லை. அவளுடைய ரத்தம் பொருந்தியது.

தம்பி பிழைத்தான். அவன் ஆபரேஷன் தியேட்டருக்குள் இருந்தபோதே அப்பா மாப்பிள்ளைக்குக் காப்பி வாங்க ஓடியதையும் நான் பார்த்தேன். பின்னாளில் மாமா இந்தக் கதையை, "நல்ல வேளை, நான் கூட இருந்தேன்" என்றுதான் ஆரம்பிப்பார். எல்லோரும் தலையை ஆட்டுவார்கள். ஆபரேஷன் நடந்த அன்று சாயங்காலமே அவர் அத்தையைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஆடி முடியாமல் பெண்ணை அனுப்புவதில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை.

எனக்கோ கோபமெல்லாம் அத்தை மேல்தான். உண்மையைச் சொன்னதற்கு அடித்தவள்! தையல் பிரித்துத் தம்பி வீட்டுக்கு வந்ததும், அவனைப் பார்க்க அவளும் மாமாவும் பால்கோவாவோடு வந்தார்கள். நான் வாங்கிக்கொள்ளவில்லை. "ஏட்டி, இன்னும் கோவமா?" என்று என் கன்னத்தைத் தொடக் கைகளை நீட்டினாள். போர்த்தியிருந்த தலைப்பு நழுவியது. முழங்கைக்கு மேலே நீலமும் கறுப்புமாகக் கன்றியிருந்தது. ரத்தம் எடுத்த ஊசியால் வந்தது என்று நினைத்துக்கொண்டேன். தம்பிக்காகப் பட்டதுதானே என்று கோபம் கொஞ்சம் இறங்கியது.

அப்பாவும் அதைப் பார்த்தார், அம்மாவும் பார்த்தாள். அத்தை சட்டென்று தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள். மாமா அந்தப் புது நாற்காலியில் உட்கார்ந்து காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா ஊசி குத்தியது அவளுடைய வலது கையில் மட்டும்தான். கன்றியிருந்தது இரண்டு கையும். எனக்கு அன்று அது புரியவில்லை. புரிந்தவர்கள், சாயங்காலம் பூவும் பழமும் கொடுத்து அவளை அவரோடு பஸ் ஏற்றிவிட்டார்கள்.