பூட்ஸோடு கடந்த தெரு

எனக்கு வாத்தியார் வேலை கிடைத்தபோது வயது இருபத்தாறு. என் முழங்கால்களுக்கு மட்டும் அறுபது இருக்கும். சின்ன வயதிலிருந்தே கிணறு வெட்டும் இடங்களில் மண்கூடை சுமந்து படி ஏறி இறங்கியவன் நான். கூலி வேலைக்கு நடுவில்தான் எட்டாவது படித்ததும், டிரெயினிங் முடித்ததும். குந்தி உட்கார்ந்தால் எழுந்திருக்க எதையாவது பிடித்தாக வேண்டும். வலது முழங்கால் ஐப்பசி வந்தால் வீங்கிக்கொள்ளும்.

வேலை எங்கள் சாதிப் பிள்ளைகளுக்கென்று திறந்த பள்ளிக்கூடத்தில். நானும் மனைவியும் குடியிருந்த மதுரை வில்லாபுரத்திலிருந்து தென்மேற்கே ஏழு மைல். நடக்க முடியாது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டரிடம் காட்டினேன். சைக்கிளும் கூடாது, உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பார் என்றார். பார்த்துக் கிடைத்த வேலையே இதுதான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பழைய சைக்கிள் ஒன்று வாங்கினேன். அதில் பல் வைத்த இரும்புப் பெடல். வெறுங்காலோடு மிதித்தால் உள்ளங்காலைக் கடித்தது. டயர் செருப்புப் போட்டுப் பார்த்தேன். செருப்பு பின்னால் கழன்று, கால் வழுக்கி, முழங்கால் ஒருமுறை முறுக்கிக்கொண்டதில் பாதையோரம் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். தெற்குவாசலில் சைக்கிள் கடை வைத்திருந்த பாய் நான் மிதிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முதலில் சீட்டை ஏற்றினார். கால் எவ்வளவு குறைவாக மடங்குகிறதோ அவ்வளவு நல்லது என்றார். பிறகு என் பாதத்தைப் பார்த்தார். அது எப்போதும் கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பித்தான் நிற்கும்.

“ஒங்க காலு போற போக்குல விடுங்க வாத்தியாரே. நேரா வச்சு மிதிச்சா முட்டிதான் அடி வாங்கும்,” என்றார்.

அகலமான ரப்பர் பெடல் மாட்டினார். அதில் பாதம் தன் இஷ்டப்படி சாய்ந்து உட்கார இடம் இருந்தது. கான்வாஸ் ஷூ போட்டேன். அடி மெல்லிசு. நாலு மைலுக்குள் பாதம் வளைந்து வலி முட்டிக்கு ஏறியது. கடைசியில், பழைய சாமான் விற்கிற இடத்தில் போலீஸ்காரர் யாரோ கழித்துப்போட்ட பூட்ஸ் ஒரு ஜோடி கிடைத்தது. அடித்தோல் பலகை மாதிரி வளையாது. ஆனால் ரப்பரில் வழுக்கியது. பாய் அதன் அடியில் சைக்கிள் டயரைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, குறுக்கே வைத்து ஆணி அடித்தார். அதைப் போட்டுக்கொண்டு முதல்முறையாக ஏழு மைலையும் நிற்காமல் போனேன். பள்ளிக்கூட வாசலில் இறங்கியபோது எனக்கே நம்பிக்கையில்லாமல் முட்டியை அழுத்திப் பார்த்தேன்.

நிற்காமல் என்று சொன்னது ஒரு இடம் நீங்கலாக. வழியில் ஒரு ஊர் உண்டு. நிலம் உள்ளவர்கள் வாழும் தெரு ஒன்று, இருநூறு தப்படி நீளம். அதற்குள் எங்கள் ஆட்கள் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும், காலில் இருப்பதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நானும் அப்படித்தான் போனேன். பூட்ஸ் வந்த பிறகு அது பெரிய பாடாகிவிட்டது. கயிற்றை அவிழ்க்கக் குனிய வேண்டும், மறுபடி கட்டக் குனிய வேண்டும். ஏதாவது கல்லின் மேல் நின்றால்தான் என்னால் சைக்கிளில் ஏற முடியும். அப்படிப்பட்ட கல் அந்தத் தெருவைத் தாண்டி ஒரு பர்லாங் தள்ளித்தான் இருந்தது. சாயங்காலமும் இதே கதை. சரியாகிக்கொண்டிருந்த முட்டி பத்தே நாளில் பழையபடி வீங்கியது.

கண்மாய்க் கரை வழியாகச் சுற்றிப் போகலாமா என்று மனைவியிடம் கேட்டேன். அவள் உப்பு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். எம்புட்டுத் தூரம் கூட என்று கேட்டாள். ரெண்டு மைல் என்றேன்.

“சுத்திப் போனாலும் முட்டி போயிரும், எறங்கிப் போனாலும் போயிரும். எறங்காமப் போங்க,” என்றாள்.

அடுத்த நாள் இறங்காமல் போனேன். தெருவின் பாதியில் ஒருவர் ஹாண்டிலைப் பிடித்துத் தள்ளினார். விழுந்தேன். பெடல் வளைந்தது, முட்டி தோல் உரிந்தது. பள்ளிக்கூடம் வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய்ப் பாடம் நடத்தினேன். பாய் பெடலை நிமிர்த்தித் தந்தார்.

மறுநாளும் அதே நேரத்துக்குப் போனேன். அதே ஆள் குறுக்கே நின்றார். இந்த முறை பிரேக் போட்டு, இடது காலைத் தரையில் ஊன்றி, சீட்டில் இருந்தபடியே நின்றேன். எறங்கிக் கழட்டிட்டுப் போ என்றார். என் அப்பா அவர்களைச் சாமி என்றுதான் கூப்பிடுவார். எனக்கு அன்று வாயில் வேறு வார்த்தை வந்தது.

“அண்ணே, முட்டி சரியில்ல. எறங்குனா ஏற முடியாது. நீங்க வழி விடுற வரைக்கும் இப்படியே நிக்கிறேன்.”

அண்ணே என்றதுதான் அவரை அதிகம் உறுத்தியிருக்க வேண்டும். நாலைந்து பேர் கூடினார்கள். வார்த்தைகள் வந்தன, அவற்றை எழுத வேண்டாம். அடிப்பார்கள் என்றுதான் நினைத்தேன்.

அப்போது எனக்குப் பின்னால் பருத்தி ஏற்றிய வண்டிகள் வந்து நின்றன. அந்த ஊர்க்காரர்களின் வண்டிகள்தான், பருத்தி மில்லுக்குப் போகிறவை. தெரு ஒடுக்கம். ஒரு வண்டி, இரண்டு வண்டி, ஐந்து வண்டி. பின்னாலிருந்து சத்தம் போட ஆரம்பித்தார்கள். மில் கேட்டில் வரிசை போயிரும், என்ன பஞ்சாயத்து வேண்டிக்கிடக்கு என்று முதல் வண்டிக்காரர் திட்டினார். அவர் எனக்காகப் பேசவில்லை, தன் பருத்திக்காகப் பேசினார். குறுக்கே நின்றவர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காறித் துப்பிவிட்டு ஓரமாக ஒதுங்கினார். நான் காலை எடுத்துப் பெடலில் வைத்து மிதித்தேன்.

அதோடு முடிந்துவிடவில்லை. பள்ளிக்கூட இன்ஸ்பெக்டருக்குப் புகார் போனது. அவர் வந்து விசாரித்து, எதற்கு வம்பு என்று கேட்டார். பள்ளிக்கூடத்துக்குத் தினமும் நேரத்துக்கு வருவதற்குத்தான் என்றேன். பாதையில் வேலமுள் போட்டார்கள். பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொண்டேன். ஆனால் யாரும் மறுபடி ஹாண்டிலைப் பிடிக்கவில்லை. ஆறு வருஷம் அந்தத் தெரு வழியாகவே போய் வந்தேன். அத்தனை வருஷத்தில் அங்கே ஒருவர்கூட என்னிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

முதல் வருஷ அறுப்பு முடிந்ததும் என் பள்ளிக்கூடம் இருந்த சேரியில் இரண்டு பேர் செருப்பு வாங்கினார்கள். ஒருவர் அந்தத் தெரு வந்ததும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். மற்றவர் கழற்றவில்லை.