மருதக்கா வெட்டிய துணித் துண்டுகள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நானும் மருதக்காவும் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தோம். தைத்து வரும் பனியனில் தொங்கும் நூலைச் சின்னக் கத்தரியால் நறுக்குகிற வேலை. அக்கா பேச ஆரம்பித்தால் மேஸ்திரிகூடச் சிரித்துவிடுவார். ஆனால் இருபத்தாறு வயதில் கணவரை இழந்தவர் என்பதால், கல்யாணப் பத்திரிகை கொண்டுவருகிறவர்கள் அவர் வீட்டை மட்டும் தாண்டிப் போய்விடுவார்கள்.

1967 தை மாதம் எனக்கும் அவிநாசி மயில்சாமிக்கும் கல்யாணம். நானே போய் அக்காவுக்குப் பத்திரிகை கொடுத்தேன்.

"முகூர்த்தத்துக்கு வேண்டாங் கண்ணு. சாயங்காலம் வரவேற்புக்கு வந்து ஓரமா உக்காந்துக்கறேன்" என்றார்.

கல்யாணத்தன்று காலைப் பந்தியில் எந்த வீட்டார் முதலில் உட்காருவது என்று ஒரு பேச்சு வந்து மனஸ்தாபமாகிவிட்டது. ஆரம்பித்து வைத்தவர் மாப்பிள்ளையின் அத்தை கண்ணம்மாள். சாயங்காலம் பெண்கள் கூடத்தில் மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். பாட்டுப் போடும் ரேடியோ செட்டுக்காரரும் வரவில்லை. விசிறி மட்டைச் சத்தம் மட்டுந்தான் கேட்டது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஓரத்திலிருந்து மருதக்கா எழுந்தார். பைக்குள் எப்போதும் இருக்கும் கத்தரியையும் கம்பெனிக் கழிவுத் துணியையும் எடுத்து, ஒவ்வொரு துண்டையும் வளைத்து வளைத்து இரண்டாக வெட்டினார். ஒரு பாதியை அந்தப் பக்கமும் மறுபாதியை இந்தப் பக்கமும் கொடுத்தார்.

"ஏனுங்க, எல்லாமே வெள்ளைத் துணிதானுங்க. உங்க துண்டோட ஜோடி எதுத்தாப்புல யாரு கையிலயோ இருக்குது. ஓரம் பொருந்தோணும். கண்டுபுடிச்சவீங்க ரெண்டு பேரும் பேரு சொல்லி, ஊரு சொல்லி, ஒண்ணா உக்காரோணும்."

என் சின்னம்மாதான் முதலில் எழுந்தார். பனியன் துணியை வெட்டினால் ஓரம் சுருண்டுகொள்ளும். இரண்டு பேர் சேர்ந்து நாலு கையாலும் இழுத்துப் பிடித்தால்தான் பொருத்திப் பார்க்க முடியும். "இப்படி இழுங்க", "இது இல்லீங்க, அந்தக்கா கிட்டப் பாருங்க" என்று கூடமே இரைந்தது.

கடைசியில் கண்ணம்மாள் மட்டும் துண்டோடு தனியாக நின்றார். எங்கள் பக்கம் ஓர் ஆள் குறைந்ததால் அதன் ஜோடி மருதக்கா கையிலேயே தங்கிவிட்டிருந்தது.

"என்கிட்டத்தானுங்க இருக்குது. வேற யாருக்காச்சும் குடுத்தர்றனுங்க" என்றார் அக்கா, தலை குனிந்து.

கண்ணம்மாள் அக்காவின் வெறும் நெற்றியைப் பார்த்தார்.

"எதுக்கு வேற ஆளு? நீங்க அந்தப் பக்கம் புடிங்க" என்று துணியை நீட்டினார் அவர். அன்றைக்கு ராத்திரிப் பந்தியில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இலை.

அடுத்த வருஷம் கண்ணம்மாள் மகளுக்குக் கல்யாணம் கூடியது. அவிநாசியிலிருந்து பஸ் ஏறி வந்து மருதக்கா வீட்டில் பத்திரிகை வைத்தார். "நீங்க வந்தாத்தானுங்க சனம் வாயைத் தொறக்கும். முகூர்த்தத்துக்கே வந்தரோணும்" என்றார்.

அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருஷம் அக்கா போகாத வரவேற்பு எங்கள் சனத்தில் குறைவு. கண்ணைக் கட்டிவிட்டு மளிகைச் சாமானை மோந்து பேர் சொல்லச் சொல்வார். சம்பந்திகளையே விளையாட்டில் ஜோடியாகக் கோத்துவிட்டு வேடிக்கை பார்ப்பார்.

ஆனாலும் எனக்கு நினைவில் நிற்பது கண்ணம்மாள் வீட்டு முகூர்த்தந்தான். முன்வரிசையில் அக்கா. எத்தனையோ வருஷம் கழித்து மணமக்கள் மேல் அரிசி போடுகிறார். கை தவறி, அத்தனை அரிசியும் ஐயர் தலையில் போய் விழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததை இப்போது நினைத்தாலும் எனக்குக் கண் நிறைந்துவிடுகிறது.