எங்கம்மா எறியாத உளுந்து முடிச்சு

எத்தனையோ வருஷம் ஆயிட்டு. இன்னும் நெனச்சா ஆத்திரமாத்தான் வருது. "பழச விடுட்டி"ங்காங்க. ஏன் விடணும்? போனது என் படிப்புல்லா, அவங்களுக்கு என்ன போச்சு?

நான் பிளஸ் டூ வந்த புதுசு அது. அப்பா குருவிகுளம் பக்கம் மானாவாரிக் காட்ட வச்சுக்கிட்டு வானத்தப் பாத்துக் கெடந்தார். பள்ளிக்கூட நேரத்துக்கு எங்க ஊர்ல இருந்து பஸ் கிடையாது. அதனால அம்மாவும் நானும் சங்கரன்கோவில் ரத வீதியில ஒரு மாடி ரூம வாடகைக்குப் பிடிச்சிருந்தோம். அந்த ரூம் இருந்தாத்தான் எனக்குப் படிப்பு. இது கீழ இருந்த வீட்டுக்காரருக்கும் தெரியும், அவர் சம்சாரத்துக்கும் தெரியும். தெரிஞ்சுதான் அந்தம்மா கொழாயடியில தெனமும் வம்பு இழுக்கும்.

ஆடித்தபசுத் திருவிழா அன்னைக்குக் காலையிலயும் அப்பிடி ஒரு சண்ட. எங்க கொடத்தத் தூக்கி அங்கிட்டு வச்சுட்டு அந்தம்மா தன் கொடத்த வச்சுது. எங்கம்மாவுக்கும் வாய் கொஞ்சம் நீளந்தான், இல்லங்கல. "ஒன் தலையில இடி விழ"ன்னு ஒரு வார்த்தைய விட்டுட்டா.

சாயங்காலம் வீதியில அம்மன் சப்பரம் வந்துது. காட்டுல வெளஞ்சத அம்மன் மேல வீசுறது எங்க பக்கத்து வழக்கம். பருத்தி, வத்தல், பயறுன்னு அவனவன் நிலத்துல வந்தத எறிவான். கட்டிக் கொண்டாந்த துணி முடிச்ச அவுத்து, கையால அள்ளித்தான் எறியணும். அம்மா எங்க மாடிச் சுவர் ஓரத்துல நின்னு, அப்பா கொடுத்து விட்ட உளுந்த அள்ளி அள்ளி வீசினா. அந்த நேரம் பாத்து, வீதிக்கு எதிர்ப்பக்கம் சுவரோட ஒட்டி நின்ன வீட்டுக்காரம்மா தலையில தொம்முன்னு ஒண்ணு விழுந்துது. அவுக்காத உளுந்து முடிச்சு! மண்ட ஒடஞ்சு ஒரே ரத்தம்.

மறுநாள் காலையில தெருவே எங்க வாசல்ல. வீட்டுக்காரர் நின்னு கத்துதார். "காலையில சாபம் விட்டுட்டு சாயந்தரம் எறிஞ்சிருக்கா பாத்தியளா! இந்த மாசத்தோட ரூம காலி பண்ணு." பாதகத்தி, கொலகாரின்னு கூட்டத்துல ஆளாளுக்கு ஒரு வார்த்த. அம்மா என் காதுல, "கால்ல விழுந்துருதேன்ட்டி. பரீட்ச முடியுறவரையாவது இருந்துக்கிடலாம்"னா. கீழ எறங்கவும் போனா. நான் அவ கையப் பிடிச்சு இழுத்து நிறுத்தினேன்.

"மாமா, இங்கன வந்து பாருங்க"ன்னு வீட்டுக்காரர மாடிக்குக் கூப்பிட்டேன். எங்க சுவருக்கு மேல வெயிலுக்குத் தகரம் எறக்கியிருக்கும். கைய ஒசத்தினாலே இடிக்கும். மேல தூக்கி எறிய வழியே இல்ல, நேரா படுக்கவாட்டுலதான் எறியணும். அப்பிடி எறிஞ்சு ஒரு படி உளுந்து முடிச்ச வீதியத் தாண்டி அந்தச் சுவர் வரைக்கும் கொண்டுபோக முடியுமான்னு கேட்டேன்.

"ஓங்கி எறிஞ்சா காத்துலயே ரொம்ப நேரம் நின்னு போகும்லா"ன்னார். கீழ நின்னவங்களும் ஆமா ஆமாங்காங்க.

"நிக்காது மாமா. எம்புட்டு ஓங்கி எறிஞ்சாலும், சும்மா நழுவ விட்டா விழுதுல்லா, அதே நேரத்துல அதுவும் தரைக்கு வந்துரும். கீழ இழுக்குற பூமிக்கு நீங்க ஓங்கினது தெரியாது."

சிரிச்சாங்க. சிரிக்கட்டும்னு ரெண்டு துணியில ஒரே அளவு மணலக் கட்டினேன். வீட்டுக்காரர் மகன் கபடி ஆடுத ஆளு, தோளு ரெண்டும் அம்மிக்கல்லு கணக்கா இருக்கும். அவனக் கூப்பிட்டு ஒண்ணக் கையில கொடுத்து, "நேரா எறிங்க அண்ணாச்சி, உங்க பலத்த எல்லாம் காட்டுங்க"ன்னேன். இன்னொண்ண நான் சுவருக்கு வெளிய பிடிச்சுக்கிட்டேன். அவன் எறியவும் நான் விட்டேன். ரெண்டும் ஒரே சத்தமா விழுந்துது. அவன் எறிஞ்சது நடு வீதியத் தாண்டல. மொகம் செவந்துபோயி மறுபடியும் எறிஞ்சான். மறுபடியும் நடு வீதிதான்.

"எதிர்ச் சுவர் வரைக்கும் போகணும்னா எங்கம்மா ஓடுத பஸ் வேகத்துல எறிஞ்சிருக்கணும்"னேன். "தலைக்கு நேர் மேல இருந்து நழுவ விட்டாத்தான் சுவரோரத்துல அப்பிடி விழும். மேல யாரு நின்னாங்க?"

எல்லாரும் அண்ணாந்து பாத்தாங்க. அந்த எதிர் மாடி, எங்க வீட்டுக்காரம்மாவோட கூடப்பொறந்த தம்பி வீடு. முந்தின நாள் அங்க நின்னு முடிச்சு முடிச்சா வச்சு எறிஞ்சவங்களத் தெருவே பாத்துது. ஒருத்தர் வாயத் தொறக்கணுமே! தெரிஞ்சவங்கதான் மொதல்ல நழுவினாங்க.

தலையில கட்டோட வீட்டுக்காரம்மா வெளிய வந்துது. "எந்தம்பி வீட்டயா சொல்லுத?"

வீட்டுக்காரர் சம்சாரத்த உள்ள போகச் சொன்னார். அப்புறம் அம்மாவப் பாத்து, "சரி, நீ எறியல. ஒத்துக்கிடுதேன்"னார். "ஆனா பொம்பளப் பிள்ளைக்கு இம்புட்டு வாய் ஆகாது. இந்த மாசம் வரைக்கும் கூட வேண்டாம். இன்னைக்கே எறங்குங்க."

அன்னைக்கே எறங்கினோம். அந்தத் தெருவுல ஒருத்தர்கூட பொட்டியத் தூக்கக் கை கொடுக்கல. பஸ்ஸுல ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு அம்மா, "நான் கால்ல விழுந்திருந்தா நீ படிச்சிருப்ப"ன்னா.

"நீ எறியலல்லாம்மா?"

"எறியலதான்."

"பொறவு எதுக்கு விழணும்?"

பள்ளிக்கூடம் அதோட போச்சு. அடுத்த தையில எனக்குக் கல்யாணத்த முடிச்சுட்டாங்க.