முகவரியில் ஆள் இல்லை

அத்தானின் பெயரை அந்தப் பட்டியலில் ஏற்றியது நான்தான்.

அக்காவும் அத்தானும் ஜெர்மனியின் பான் நகரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில், சிற்றாறு ஒன்று ஓடும் பள்ளத்தாக்கு ஊரில் இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. சர்க்கரை வியாதியால் அத்தானுக்கு வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சக்கர நாற்காலிக்கு வசதியாக இருக்கும் என்று கீழ்த்தளத்தில் ஒரு வீட்டைத் தேடிப் பிடித்திருந்தோம். நான் பானில் ஒரு முதியோர் இல்லத்தில் துணி துவைக்கும் பகுதியில் வேலை செய்கிறேன். ஓய்வு நாட்களில் அக்கா வீட்டுக்குப் போவேன்.

பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். ஜெர்மன் பேசத் தொடங்கினால் என் குரல் எனக்கே கேட்காது. ஆனால் படிவம் நிரப்புவேன். படிவம் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

ஊர் நிர்வாகத்திலிருந்து ஒருமுறை ஒரு படிவம் வந்தது. ஆபத்து நேரத்தில் தாமாக வெளியேற முடியாதவர்கள் பெயரைப் பதிந்துகொண்டால், ஆட்கள் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள் என்று எழுதியிருந்தது. நிரப்பி அனுப்பினேன். பதிவு செய்யப்பட்டது என்று பதில் வந்தது. அக்கா அந்தக் கடிதத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார். அத்தான் வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டுவார்.

“இஞ்ச பாருங்கோ. ஊரில எண்டால் என்னை ஆரும் சைக்கிள் கரியரில வைச்சுத்தான் உருட்டவேணும். இஞ்ச அரசாங்கம் வந்து தூக்கும்.”

அந்தக் கோடையில் இரண்டு நாட்களாக மழை விடவில்லை. எனக்கு ஓய்வு கிடைத்து முதல் நாளே அங்கே போயிருந்தேன். மறுநாள் காலையில் பார்த்தபோது ஆறு கரைத்த கோப்பி நிறத்தில், பாலத்தின் வயிற்றைத் தொட்டுக்கொண்டு ஓடியது. வானொலியில் கனமழை என்றார்கள். எங்கள் தெருவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று மணி போல வாசலில் ஒரு வான் வண்டி வந்து நின்றது. வுப்பர்டால் நகரில் தமிழ்க் கடை வைத்திருக்கும் அண்ணை. கிழமைக்கு ஒருமுறை அந்தப் பக்கத்துத் தமிழ் வீடுகளுக்குச் சாமான் கொண்டுவருவார். அன்று அவர் சாமான் இறக்கவில்லை. எஞ்சினையும் நிறுத்தவில்லை.

“மேல் ஊரில தண்ணி றோட்டுக்கு வந்திட்டுது. மூண்டு பேரும் ஏறுங்கோ. பின்னால இடம் எடுத்து வைச்சிருக்கிறன்.”

அத்தான் நாற்காலியை உருட்டி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். “மீன்பெட்டிக்குப் பக்கத்திலயோ? மறந்துபோய் என்னையும் கிலோக் கணக்கில வித்துப்போடுவாய்.”

“உங்களை ஆர் வாங்குறது? முள்ளுத்தான் மிச்சம்.”

எல்லோரும் சிரித்தோம். சிரித்துவிட்டு அக்கா என்னைப் பார்த்தார். “என்ன செய்வம்? நீ ஒருக்கா ரெலிபோன் அடிச்சுக் கேள்.”

தொலைபேசியில் பேசுவதற்கு முன் வசனத்தைத் தாளில் எழுதிக்கொள்வது என் பழக்கம். அன்றும் எழுதினேன். “எங்களிடம் நடக்க முடியாத ஒருவர் இருக்கிறார். பட்டியலில் பெயர் இருக்கிறது. நாங்கள் என்ன செய்ய வேண்டும்?” ஊர் நிர்வாகத்தின் இலக்கத்துக்குப் பல தடவை அடித்த பிறகு ஓர் ஆண் எடுத்தார். களைத்த குரல், ஆனால் மரியாதையான குரல். பெயரைத் தேடினார்.

“ஆம், பட்டியலில் இருக்கிறார். உங்கள் தெருவை வெளியேற்றும் திட்டம் இப்போது இல்லை. வீட்டிலேயே இருங்கள். தேவைப்பட்டால் ஆட்கள் வருவார்கள்.”

வாசலில் வாகனம் நிற்கிறது, அதில் போகலாமா என்று நான் கேட்கவில்லை. அது தாளில் எழுதியிருந்த கேள்வி அல்ல. நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

இதை எப்படி விளங்கப்படுத்துவது என்று தெரியவில்லை. ஊரில் நாங்கள் எவருடைய அறிவித்தலுக்கும் காத்திருந்தவர்கள் இல்லை. யுத்தத்தில் செல் குண்டு விழும் சத்தம் கிட்ட வந்தால் உலையை அடுப்பில் விட்டுவிட்டு ஓடியிருக்கிறோம். அங்கே அரசாங்கம் இருக்கச் சொன்னால் ஓட வேண்டும் என்று சிறு பிள்ளைக்கும் தெரியும். இங்கே வந்த பிறகுதான் இருக்கப் பழகினோம். முதல் வருடங்களில் எங்களை ஹைமில், அகதிகளுக்கான விடுதியில், வைத்திருந்தார்கள். அதிகாரிகள் சொல்லாமல் வந்து ஒவ்வொரு கதவாகத் தட்டுவார்கள். கதவைத் திறக்காவிட்டால் பெயருக்கு எதிரே ‘ஆள் இல்லை’ என்று எழுதுவார்கள். அப்படி எழுதப்பட்ட ஒருவர் தன் அகதி விசாரணை முடியும்வரை பட்ட பாட்டை நாங்கள் மூவரும் பார்த்தோம். அதற்குப் பிறகு, தட்டுகிறவர்களுக்கு வீட்டில் இருப்பது எங்கள் உடம்பில் ஊறிவிட்டது.

“நாங்கள் வெளிக்கிட்ட பிறகு அவையள் வந்தால்? ஆள் இல்லையெண்டு எழுதிப்போடுவினம். பிறகு அத்தான்ரை பெயரை வெட்டிவிட்டால், உண்மையில தேவைப்படேக்க ஒருத்தரும் வராயினம்” என்றேன்.

அண்ணை என்னை முறைத்தார். “நீ இன்னும் ஹைமிலயே இருக்கிறாய் பிள்ளை. ஜெர்மன் பாஸ்போட் எடுத்து எத்தினை வருசம்?”

அக்கா என் பக்கம் நின்றார். “அவள் சொல்லுறதும் சரிதான். எத்தினை சனத்தைப் பாக்கவேணும் அவையள். வந்து வெறும் வீட்டைத் தட்டி மினக்கெடக்கூடாது.”

கால் மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டபடி அவர் நின்றார். பிறகு இறங்கி வந்து, “பாலத்தை மூடப்போறாங்களாம். கடைசியாக் கேக்கிறன்” என்றார்.

“நீங்கள் போங்கோ அண்ணை. அவையள் வருவினம்.”

அதைச் சொன்னதும் நான்தான்.

சமையலறை மேசையைச் சுற்றி மூவரும் உட்கார்ந்தோம். அக்கா தேநீர் போட்டார். அத்தானின் மருந்து, மாற்று உடுப்பு, பத்திரங்கள் எல்லாம் ஒரு பையில் தயாராக இருந்தன. இன்சுலினை மட்டும் குளிர்சாதனப் பெட்டியில் விட்டிருந்தோம். மணி அடித்ததும் எடுக்கலாம் என்று. அழைப்புமணி அடித்தால் கேட்க வேண்டும் என்பதற்காகத் தொலைக்காட்சியைக்கூடப் போடவில்லை. நாலு, ஐந்து, ஆறு. மணி அடிக்கவில்லை.

ஏழு மணிக்கு, நல்ல வெளிச்சத்திலேயே, தண்ணீர் வந்தது. முதலில் நிலவறைப் படியில் கொப்பளித்தது. பிறகு முன்கதவின் அடியால் வந்தது. மேல்மாடியில் தனியாக இருந்த வயதான ஜெர்மன் பெண்மணி வெறுங்காலோடு இறங்கி ஓடி வந்தார். அத்தானைக் கட்டில் விரிப்பில் கிடத்தி மூன்று பேருமாகப் படியில் இழுத்தோம். இழுக்கும்போது, “மூண்டு பொம்பிளையள் தூக்கிற சாமி நான்தான்” என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. அவசர இலக்கத்தை அடித்துக்கொண்டே இருந்தேன். தொடர்பு கிடைக்கவில்லை. பிறகு தொலைபேசியே செத்துவிட்டது.

மேலே சேர்ந்த பிறகுதான் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு, “இன்சுலின்” என்றார்.

நான் இறங்கினேன். சமையலறையில் தண்ணீர் நெஞ்சளவு. குளிர்சாதனப் பெட்டி சாய்ந்து, கதவு கீழே இருக்க முகங்குப்புறக் கிடந்தது. இரண்டு கையாலும் புரட்டிப் பார்த்தேன். அசையவில்லை. உள்ளே மருந்து, வெளியே எங்கள் கடிதம், இரண்டும் அதற்கடியில் இருந்தன.

மறுநாள் தண்ணீர் வடிந்தது. தெரு இருந்த இடத்தில் சேறும் மரங்களும் கார்களும் கிடந்தன. அந்தப் பெண்மணி ஒரு வெள்ளை விரிப்பில் சப்பாத்து மையால் ‘இன்சுலின்’ என்று எழுதி யன்னலில் தொங்கவிட்டார். ஹெலிகொப்டர் எங்களுக்கு மேலால் போனது. நான் குளியல் துவாயை வீசி வீசிக் காட்டினேன். அது திரும்பவில்லை. பின்னேரம் சீருடை போட்ட ஓர் ஆள் தெருமுனையில் நின்று, “அறிவிக்கிறோம், அங்கேயே இருங்கள்” என்று கத்தினார். குரல் வராத நான், அன்றுதான் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கத்தினேன். “அவர் செத்துப்போவார்!” ஜெர்மனில்தான் கத்தினேன். அவர் கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்.

அத்தான் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தார். மூச்சு ஓடுகிறவனுடையதுபோல இழுத்தது. வாயில் பழுத்த பழத்தின் மணம். கண்ணைத் திறக்கும்போதெல்லாம் ஒரே கேள்வி.

“வந்திட்டினமோ?”

“வருகினம், வருகினம்” என்று அக்கா நெஞ்சைத் தடவிக்கொடுத்தார்.

மூன்றாம் நாள் காலை மேல் ஊரிலிருந்து இரண்டு விவசாயிகள் உழவு இயந்திரத்தோடு வந்தார்கள். அவர்களை ஒருவரும் அனுப்பவில்லை. யன்னலில் விரிப்பைக் கண்டு வந்தவர்கள். அவர்கள் படியேறி வந்தபோது அக்கா அத்தானின் தலையை மடியில் வைத்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். ஓர் ஆள் தொப்பியைக் கழற்றினார்.

அதற்குப் பிறகு எல்லாம் படிவங்கள்தான். தங்குவதற்கு ஒரு படிவம், மரணத்துக்கு ஒன்று. பட்டியலில் பெயர் இருந்ததற்கு ஆதாரமாகப் பதிவுக் கடிதத்தின் மூலப்பிரதி வேண்டும் என்றார்கள். ஏன் ஒருவரும் வரவில்லை என்று நான் எழுதிக் கேட்டேன். நாலு மாதம் கழித்து அரைப் பக்கத்தில் பதில் வந்தது. அன்று மாலை ஐந்து மணியளவில் ஒரு குழு அந்த முகவரிக்குச் சென்று அழைப்புமணி அடித்தது. முகவரியில் ஆள் இல்லை.

அந்த வரியை அக்காவுக்கு மொழிபெயர்க்க என்னால் ஏலவில்லை. ஆனால் அந்த வசனம் ஹைமில் இருந்த எல்லோருக்கும் மனப்பாடம். அக்காவே வாசித்தார். கடிதத்தை மடித்தார். “நாங்கள் இருந்தனாங்கள்தானே?” என்று என்னிடம் கேட்டார். தனக்கே சந்தேகம் வந்தவர்போலக் கேட்டார்.

அவர்கள் வேறு தெருவுக்குப் போனார்களா, போகாமலே எழுதினார்களா, எனக்குத் தெரியாது. வெள்ளத்தைப் பற்றி விசாரிக்கும் கூட்டம் விளையாட்டு மண்டபத்தில் நடந்தபோது, அலுவலர் ஒருவர் மேடையில் இருந்து, மக்கள் வெளியேறுவதற்குப் போதிய நேரம் இருந்தது என்றார். நான் எழுந்தேன். எழுதி வைத்திருந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். பார்க்காமலே சொன்னேன். “எங்களை இருக்கச் சொன்னீர்கள். நாங்கள் வீட்டில் இருந்தோம்.” அவர் முகவரியைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பரிசீலிக்கப்படும் என்றார். அடுத்த ஆள் பேச எழுந்தார்.

பரிசீலனை என்பது கடைசியில் இன்னொரு கடிதம். அக்காவின் வாக்குமூலத்தைப் பதிய ஓர் அலுவலர் நேரில் வருவார். இன்ன கிழமை, திங்களுக்கும் வெள்ளிக்கும் இடையில். நாளும் இல்லை, நேரமும் இல்லை. அப்போது அக்கா பானில் என்னோடு இருந்தார். அந்தக் கிழமையின் வியாழக்கிழமைதான் அத்தானின் முதலாம் வருட ஆட்டைத் திவசம். கோயிலில் ஐயரிடம் சொல்லி வைத்திருந்தோம்.

காலையில் கடைக்கார அண்ணை வானைக் கொண்டுவந்து நிறுத்தினார். மரக்கறியும் அரிசியும் வாழையிலையும் பின்னால் ஏற்றியாயிற்று. அக்கா வெள்ளைச் சேலை உடுத்திக் கதவுவரை வந்தார். வந்து நின்றுவிட்டார்.

“இண்டைக்கு அவையள் வந்தால்?”

இந்த முறை நான் மாற்றிச் சொன்னேன். “ஏறுங்கோ அக்கா. வந்தால் வரட்டும். ஆள் இல்லையெண்டு எழுதட்டும். இனி எங்களிட்டை வெட்ட என்ன பெயர் கிடக்கு?”

அண்ணை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எதிரே பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

“அந்தாள் வீட்டில இருந்துதான் செத்தது. அதைச் சொல்ல ஒரு ஆள் வீட்டில இருக்கவேணும்” என்றார் அக்கா.

அவர் உள்ளே போய், அழைப்புமணிக்குக் கீழே இருந்த கதிரையில் உட்கார்ந்தார். திவசத்தை ஐயரைக் கொண்டு செய்விக்கும்படி அண்ணையிடம் சொல்லி, அத்தானின் படத்தை முன் ஆசனத்தில் வைத்துப் பட்டியைப் போட்டுவிட்டேன். வான் போனது. நான் உள்ளே வந்து கதவைச் சாத்தி, அக்காவுக்குப் பக்கத்தில் இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.