நாலு குழி சார்ஜர்

வள்ளத்தில் எனக்கென்று இருந்த வேலைகள் மூன்று. உள்ளே ஏறும் தண்ணீரை இறைக்க வேண்டும். பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றித் தர வேண்டும். ஜிபிஎஸ் கருவிக்குச் செல் போட வேண்டும். மற்ற எதற்கும் நான் உதவ மாட்டேன் என்பது முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

நாங்கள் எட்டயபுரம் பக்கத்துக் கரிசல்காட்டு ஆட்கள். அக்கா காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டு கடலோரத் திரேஸ்புரத்துக்கு வந்தவள். நான் ஏழாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். அதன்பிறகு எந்த ஊரிலும் ஒரு வருடம் முழுசாக இருந்ததில்லை. திருப்பூர் சாயப்பட்டறையில் கைத்தோல் உரிந்தது. கோயம்புத்தூர் ஹோட்டலில் இலை எடுத்தேன். அங்கே வயிறு காயவில்லை. மதுரையில் கல்யாண வீடுகளில் போட்டோக்காரருக்கு லைட் பிடித்தேன். அந்த வேலையும் நின்றபோது, ஒரு பையோடு அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். அவள் ஒரு தட்டை எடுத்து வைத்தாள். அத்தான், "மாப்ள, நீச்சல் தெரியுமா?" என்று கேட்டார். கிணற்றில் நீந்துவேன் என்றேன். "கடலும் கிணறுதாம்லே, செவரு மட்டுந்தான் இல்ல" என்று சொல்லி மறுநாள் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டார்.

வள்ளம் அத்தானுடையது. அவரோடு தொழிலுக்கு வருபவர் அவருடைய பங்காளி. நல்ல தொழில்காரர், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். தன் தங்கச்சி மகனை என் இடத்தில் ஏற்ற வேண்டும் என்பது அவர் ஆசை. அதில் நியாயம் இருந்தது. அந்தப் பையன் தூண்டில் போட்டால் மீன் வரும். நான் போட்டால் என் சட்டைதான் மாட்டும்.

நாங்கள் தூண்டில் போடுவது பார்களில். அந்தக் காலத்தில் முத்துக் குளித்த, கடலுக்கடியில் கிடக்கும் பாறைத் திட்டுகள் அவை. இப்போது விளமீனும் களவாவும் அங்கேதான் கிடக்கும். வானம் தெளிவாக இருந்தால் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியையும் துறைமுகத்துக் கிரேன்களையும் பார்த்தே அத்தான் திசை சொல்லிவிடுவார். மூட்டம் போட்டால் எதுவும் தெரியாது. அப்போது ஜிபிஎஸ்தான் கண். அத்தான் கண்டுபிடித்த ஒவ்வொரு பாரும் அதில் புள்ளியாகப் பதிந்திருக்கிறது. போனில் இந்த வசதி இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் மீன் செதிலும் உப்புத் தண்ணீரும் அப்பிய விரலால் தொட்டால் போன் மதிக்காது. இந்தக் கருவியை அமுக்கினால் கேட்கும். அது கேட்பதெல்லாம் இரண்டு பென்சில் செல்தான்.

அந்தச் செல்தான் என்னைப் படுத்தியது. கடைகளில் வாங்கிய சாதாரணச் செல் பாதி வழியில் படுத்துவிடும். அத்தான் சார்ஜ் ஏற்றும் செல் இரண்டு வாங்கினார். அதோடு இலவசமாக ஒரு சார்ஜர் கொடுத்தார்கள். இரண்டு குழி, ஒரு சிவப்பு விளக்கு. செருகினால் எரியும், பிடுங்கினால் அணையும், செல் நிரம்பியதா இல்லையா என்று அதற்கே தெரியாது. ஒரு மூட்ட நாளில் பாருக்குப் போகும் வழியில் கருவி கண்ணை மூடியது. சுற்றிச் சுற்றி வந்து, காலி ஐஸ் பெட்டியோடு கரையேறினோம்.

"ஏலே, ரெண்டு செல்லக் காப்பாத்தத் தெரியல, நீ எங்க கடல்ல பொழைக்கப் போற?" என்றார் பங்காளி. பிறகு அத்தானிடம் திரும்பி, "அவன் எறங்கட்டும். நம்ம பய வாரான்" என்றார்.

அத்தான் வள்ளத்தைக் கட்டிவிட்டு வந்து சொன்னார்: "மாப்ள, திங்கக்கிழம போவோம். அன்னைக்கும் செல்லு செத்துச்சுன்னா நீ கரையில நின்னுக்கோ. வேற வேல பாத்துக்கலாம்."

கரையில் நிற்பது எனக்குப் புதிதில்லை. ஆனால் அந்த முறை விட்டுப் போக மனம் வரவில்லை. விடியும்போது துறைமுகத்து விளக்குகள் ஒவ்வொன்றாக வெளிறுவதைப் பார்க்கப் பழகிவிட்டேன்.

சனிக்கிழமை டவுனில் எலக்ட்ரிக் கடைக்குப் போனேன். சட்டைப்பையில் மூன்று செல் இருந்தன. ஒன்று நல்லது, ஒன்று செத்தது, ஒன்று சார்ஜே ஏற்றக் கூடாத சாதாரணச் செல்.

"அண்ணாச்சி, பென்சில் செல்லுக்குச் சார்ஜர் வேணும்."

"டிவி ரிமோட்டுக்கா?" என்றார் கடைக்காரர்.

"கடலுக்கு."

"கடலுக்குச் செல்லு போடணுமா? இத்தன நாளும் அது சும்மாதானய்யா ஓடிச்சு!"

சிரித்துக்கொண்டே வரிசையாக எடுத்து வைத்தார். முதலாவது எங்கள் வீட்டுச் சார்ஜரின் அண்ணன். அதைத் தொடவே இல்லை. இரண்டாவது கால் மணி நேரத்தில் ஏற்றிவிடுமாம், உள்ளே காற்றாடி கூட இருந்தது. மதுரைப் போட்டோக்காரர் அப்படி ஒன்று வைத்திருந்தார். செல் வெளியே வரும்போது சுடச்சுட வடைபோல வரும், நாலு கல்யாணத்தில் செத்துவிடும். நான்கில் ஒன்று கெட்டால் மற்ற மூன்றையும் அது கெடுக்கும் என்பதையும் அங்கேதான் பார்த்தேன். ஆகவே ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனிக்கும் சார்ஜர்தான் வேண்டும். நிரம்பியதும் தானாக நிறுத்த வேண்டும். நிதானமாக ஏற்ற வேண்டும். யுஎஸ்பி வயரில் ஓடினால் கரண்ட் போனாலும் பவர் பேங்கில் சொருகிக்கொள்ளலாம்.

மிச்சம் இரண்டு இருந்தன. இரண்டிலும் நாலு குழி. ஒன்றில் சின்னத் திரை; ஒவ்வொரு செல்லிலும் எவ்வளவு ஏறியது என்று எண்ணாகக் காட்டும். இன்னொன்றில் குழிக்கு ஒரு விளக்கு மட்டும். என் செல்களை வெளியே எடுத்தேன். நல்ல செல்லைப் போட்டதும் இரண்டுமே ஏற்றத் தொடங்கின. செத்த செல்லுக்கும் சாதாரணச் செல்லுக்கும் இரண்டுமே முகத்தைத் திருப்பிக்கொண்டன.

"சோதன போடுதியளே, சார்ஜர் வாங்க வந்தியளா, சம்பந்தம் பேச வந்தியளா?" என்றார் அண்ணாச்சி.

"கட்டிக்கிட்டு வாழணும்லா அண்ணாச்சி."

திரை வைத்ததன்மேல் எனக்கு ஆசை. ஆனால் அதைப் பங்காளியிடம் காட்டி எண்களை விளக்கும் காட்சியை நினைத்துப் பார்த்தேன். விளக்கு வைத்ததை வாங்கினேன். சிவப்பு நிலையாக எரிந்தால் ஏறுகிறது, சிமிட்டினால் கோளாறு, பச்சை வந்தால் கடலுக்குப் போகலாம். இதற்கு விளக்கம் வேண்டாம். சும்மா வைத்திருந்தாலும் சார்ஜ் அதிகம் இறங்காத ரகத்தில் புதுச் செல் நாலும் வாங்கினேன்.

வீட்டில் அக்காவின் நகப்பூச்சை எடுத்து, ஒரு சோடிக்குச் சிவப்பும் இன்னொன்றுக்கு ரோஸும் தடவினேன். சோடி மாறக் கூடாது. சிவப்புச் சோடி அன்றே பச்சை விளக்குக்கு வந்துவிட்டது. ரோஸ் பூச்சு இன்னும் காயாததால், அந்தச் சோடியை மறுநாள் ஏற்றிக்கொள்ளலாம் என்று சார்ஜர் பக்கத்தில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. கோயில் முடிந்து அத்தானோடு வள்ளத்தைக் கழுவிவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். ரோஸ் சோடி வைத்த இடத்தில் இருந்தது. எடுத்துச் சார்ஜரில் போட்டேன். இரண்டு விளக்கும் சிவப்பாகச் சிமிட்டின. எடுத்துவிட்டு மறுபடியும் போட்டேன். சிமிட்டல். குழி மாற்றிப் போட்டேன். சிமிட்டல். புதுச் செல்லே கோளாறு என்றால் சிவப்புச் சோடியை எப்படி நம்புவது?

அப்போதுதான் கையில் உறைத்தது. செல் வறுத்த கடலைபோலச் சுட்டது. மூக்கருகே கொண்டுபோனேன். நெத்திலி வாசம்.

"ஏ அக்கா!"

"என்னலே கத்துத?"

"இந்தச் செல்ல எங்க வச்சிருந்த?"

"மாடியில, கருவாட்டோட. நல்ல வெயில்லா? இப்பதான் எறக்குனேன்" என்றாள், பெருமையாக. "ஊர்ல அம்மா மொளகா காயப்போடுத களத்துலதான டார்ச் செல்லையும் காயவப்பா? தெம்பு ஏறட்டும்னு வச்சேன். நாளைக்குச் செல்லு செத்தா உன்ன எறக்கி விட்டுருவேன்னு அவிய சொல்லிட்டாவளே. என்னால ஆனது."

எனக்குக் கோபம் வரவில்லை. சார்ஜரில் கோளாறு இல்லை. சூடான செல்லை ஏற்ற மாட்டேன் என்று சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தேன். அவளும் எதற்கென்று தெரியாமலே சிரித்தாள். செல்லை உப்புப் போகத் துடைத்து, மண்பானைப் பக்கத்து நிழலில் வைத்தேன். நன்றாக ஆறியபின் போட்டதும் சிமிட்டல் நின்று சிவப்பு நிலையாக எரிந்தது. சாயங்காலம் பச்சை வந்தபோது அக்கா அத்தானைக் கூப்பிட்டுக் காட்டினாள், "வெயில்ல வச்சதுல ஏறிருக்கு பாருங்க" என்று. நான் மறுக்கவில்லை.

திங்கட்கிழமை நல்ல மூட்டம். துறைமுகம் தாண்டியதுமே புகைபோக்கி மறைந்தது. சிவப்புச் சோடியைப் போட்டுக் கருவியை உயிர்ப்பித்து, இது சார்ஜ் ஏற்றும் செல் என்று அதன் செட்டிங்கில் மாற்றி வைத்தேன். அதைச் செய்யாவிட்டால் பாதி இருக்கும்போதே தீர்ந்துவிட்டதாகப் புலம்பும். ரோஸ் சோடியைப் பிளாஸ்டிக் டப்பாவில் மூடி மடியில் வைத்துக்கொண்டேன். பங்காளி அடிக்கொரு தரம் கழுத்தை நீட்டித் திரையைப் பார்த்தார். அது எரிந்துகொண்டே இருந்தது. அத்தான் என்ஜினைக் குறைத்தார். புள்ளியின் மேல் நின்றோம்.

முதல் தூண்டிலிலேயே களவா. அடுத்தது விளமீன், அதற்கடுத்ததும் விளமீன். டீ ஊற்ற யாரும் கூப்பிடவில்லை. என் தூண்டிலில்கூட ஒன்று மாட்டியது. பிடித்து உள்ளே இழுப்பதற்குள் பாதி நனைந்துவிட்டேன். ஐஸ் பெட்டி மூட மறுத்தது.

திரும்பும்போது அலையில் வள்ளம் தூக்கிப் போட, நான் தடுமாறி விளிம்பைப் பிடித்தேன். பங்காளி பாய்ந்து வந்து என் மடியிலிருந்த டப்பாவைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, என்னப் பிடிக்கலியே?" என்றேன்.

"நீ நீந்திருவலே. செல்லு நீந்துமா?"

அத்தான் சிரித்த சிரிப்பில் வள்ளம் கொஞ்சம் திசை மாறியது. தங்கச்சி மகனைப் பற்றிப் பங்காளி அதன்பிறகு பேசவில்லை. பையனும் வேறொரு வள்ளத்தில் நல்லபடியாகவே போய்வந்தான். செவ்வாய்க்கிழமை வேலைக்கு வரும்போது பங்காளி இடுப்பு முடிச்சை அவிழ்த்து இரண்டு செல்லை என்னிடம் நீட்டினார். வீட்டுக் கடிகாரத்தினுடையவை.

"உன் பெட்டியில போட்டுத் தா" என்றார். "வெயில்ல வச்சும் பாத்துட்டேன், ஏற மாட்டேங்குது."

இரண்டும் சாதாரணச் செல். அதை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, என் இடத்தில் ஏறி உட்கார்ந்தேன்.