ஹேண்ட் பிரேக் இழுத்துவிட்டுப் போனவர்

செய்தி வந்தபோது நான் கல்முனைச் சந்தைப் பக்கத் தேநீர்க்கடையில் இருந்து, விமானக் கம்பனியில் முதல் மாதச் சம்பளம் எவ்வளவு கிடைக்கும் என்று நான்கு பொடியன்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். நான் ஒருநாளும் வாங்காத சம்பளம் அது. டெலிபோன் பேசும் கொமினிகேஷன் கடைக்காரர் ஓடிவந்தார்.

"கப்டன், சம்மாந்துறை மில்லில இருந்து கோல். உங்கட மச்சான் மௌத்தாம்."

அரிசி ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போன ஜௌபர் மச்சானுக்கு மஹியங்கனை தாண்டி நெஞ்சுவலி வந்திருக்கிறது. லொறியை ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துவிட்டுத்தான் ஸ்டேரிங்கில் சாய்ந்து இறந்திருக்கிறார். ஒரு மூட்டைகூடச் சரியவில்லை என்று பின்னால் வந்த லொறிக்காரர்கள் சொன்னார்கள்.

உங்களில் பலருக்கு அவர் லொறி ஜௌபர். எனக்கு ராத்தாவின், என் கூடப்பிறந்த அக்காவின், புருசன். நம் ஊர் வழக்கப்படி, வாப்பா ராத்தாவுக்கு எழுதிக்கொடுத்த சீதன வீட்டில்தான் குடியிருந்தார். நான் விமானிக்குத்தான் படிப்பேன் என்று பிடிவாதம் பிடித்தபோது, வாப்பா உயிரோடு இல்லை. குடும்பத்தில் மிஞ்சியிருந்த சொத்து அந்த வீடு ஒன்றுதான். ஆண்பிள்ளை படிக்கவேண்டுமென்றால் பெண்பிள்ளையின் வீட்டு உறுதிப் பத்திரம்தான் முதலில் பெட்டியைவிட்டு வெளியே வருகிறது. இதை நாம் பாசம் என்கிறோம்.

"அவன் பறக்கத் தொடங்கினா ஒரு வருசத்தில மீட்டிருவான்" என்றா உம்மா.

மச்சான் உறுதியைக் கையில்கூட எடுக்கவில்லை. "வீடு என்ட பேரில இல்ல மாமி. அவ ஓமெண்டா எனக்கும் ஓம்."

ராத்தா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓம் என்றா. உறுதி வங்கிக்கு அடகாகப் போனது. அன்று பின்னேரம் மச்சான் என்னிடம் கேட்டார்: "கப்டன், வானத்தில ரிவர்ஸ் கியர் இருக்கா?"

"இல்ல மச்சான்."

"அப்ப பாத்துப் போ."

லைசன்ஸோடு ஊருக்கு வந்ததும் கலியாணத் தரகர்கள் வரத் தொடங்கினார்கள். பைலட் மாப்பிள்ளைக்கு மாடி வீடு இல்லாமல் எப்படி என்று உம்மா கேட்டா. ஒரு பெண்ணின் வீட்டை அடகு வைத்துப் படித்தவனுக்கு இன்னொரு பெண்ணின் வீட்டைக் கேட்டோம், அதுவும் மாடியோடு. யாருக்கும் வெட்கமில்லை. எனக்கும் இல்லை.

விமானக் கம்பனி எதுவும் கூப்பிடவில்லை; தரகர்களும் வருவதை நிறுத்தினார்கள். கடைசியில் நான் படித்த பயிற்சி நிலையமே கூப்பிட்டது. உதவிப் பயிற்றுநர் வேலை. மச்சான்தான் லொறியில் கொழும்புக்குக் கொண்டுபோனார். யுத்தகாலச் சோதனைச்சாவடிகளில் மூட்டை இறக்கி ஏற்றும்போது, "வெள்ளைச் சேர்ட், தூசி படும், தள்ளி நில்லு" என்றார். தள்ளித்தான் நின்றேன்.

நான் வெளியே வரும்வரை கட்டிய சாரத்தோடு வெயிலில், நிலையத்தின் கேட்டடியில் காத்திருந்தார்.

"என்னவாம்?"

"வேலை இருக்காம் மச்சான். சம்பளத்தைக் கேட்டாச் சிரிப்பீங்க. ஒரு லொறி டிரைவர் எடுக்கிற காசு. வேணாமெண்டு சொல்லிட்டன்."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்று உறைத்தது. அவர் ஏறி லொறியை ஸ்டார்ட் பண்ணினார். அவிசாவளை வந்ததும் கியரை மாற்றினார். பிறகு, பாதையைப் பார்த்தபடியே சொன்னார்:

"அந்தச் சம்பளத்திலதான்டா உன்ட ராத்தாவ வச்சிருக்கன். பேங்குக்கும் கட்டுறன்."

அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் நான் சண்டை பிடித்திருப்பேன். களைப்பு மட்டுமே இருந்தது. கிழமைக்கு ஒரு தடவை கொழும்புக்குப் போய்வந்தவர் ஏன் இரண்டு தடவை போகத் தொடங்கினார் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. விளங்கியும் நான் மாறவில்லை. பயிற்சி நிலையத்துக்குத் திரும்பக் கடிதம் எழுதவில்லை. பெரிய கம்பனி கூப்பிடும் என்று தேநீர்க்கடையிலேயே இருந்தேன், மச்சான் மௌத்தான அந்தக் கோல் வரும்வரை.

இப்போது எழுதிக் கேட்டேன். அந்த இடத்துக்கு ஆள் எடுத்துவிட்டார்களாம். இதற்கிடையில் என் லைசன்ஸும் காலாவதியாகிவிட்டது. புதுப்பிக்க மணிக்கணக்கில் பறந்து காட்டவேண்டும்; பறக்கக் காசு வேண்டும். அடகு வைக்க இனி எந்தப் பெண்ணின் வீடும் என்னிடம் இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த பிறகு மில் முதலாளியிடம் போய், லொறியை நான் ஓட்டுகிறேன் என்றேன். அவர் சிரித்தார். "தம்பி, இதுக்கு ஹெவி லைசன்ஸ் வேணும்."

அதே லொறியில் கிளீனராகப் போகிறேன். மூட்டை இறக்கி ஏற்றுகிறேன். இந்த மாத வங்கிக் காசில் பாதியை நான் கட்டினேன், மீதியை ராத்தா காப்பை விற்றுக் கட்டினா. வீடு இன்னும் மீளவில்லை. தேநீர்க்கடைப் பொடியன்கள் கிளீனர் சம்பளம் எவ்வளவு என்று கேட்டார்கள். சொன்னேன். சிரித்தார்கள். நானும் அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மச்சானின் லைசன்ஸை ராத்தா என்னிடம் தந்திருக்கிறா. மடிப்புகள் கிழிந்து, வியர்வையில் முகமே தெரியாமல் போயிருக்கிறது. சேர்ட் பையில் அதோடு என்னுடையதையும் வைத்திருக்கிறேன். என்னுடையது வாங்கிய நாளில் இருந்ததுபோலவே, ஒரு மடிப்பும் இல்லாமல் இருக்கிறது.